சிரிக்கிற மூஞ்சியில் ஒரு டிக்

இதை எழுத நான் அனுமதி வாங்கியிருக்கிறேன். கொடுத்தவள் இரண்டு நிபந்தனை போட்டாள். யார் பேரும் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நான் செய்ததை மழுப்பாமல் எழுத வேண்டும். முதல் நிபந்தனை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேர் சொல்லாமல் கதை பேசுவதில் எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம். இரண்டாவதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எழுதுகிறேன்.

குழந்தைகள் மனநலக் கிளினிக் ஒன்றில் நான் கவுண்டர்க்காரி. ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை பிள்ளைகள் வருவார்கள். தூங்காத பிள்ளை, பேசாத பிள்ளை, பள்ளிக்கூடக் கேட்டைப் பார்த்தாலே வாந்தியெடுக்கிற பிள்ளை, கையை நாற்பது தடவை கழுவுகிற பிள்ளை. உள்ளே மூன்று டாக்டர்கள், இரண்டு ஆலோசகர்கள். வெளியே இருபத்திநாலு நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், மீன் இல்லாத ஒரு மீன்தொட்டி, அப்புறம் நான். மீன்கள் எப்போதோ செத்துப்போயின. தொட்டியில் விளக்கு மட்டும் எரியும். சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு "மீன் எங்க?" என்று கேட்கும். "தூங்குது" என்பேன். கேள்வி கேட்டால் உடனே ஒரு பதில் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்பது என் சுபாவம்.

எனக்குக் குரல் பெரிது. என் வீட்டுக்காரர் தையல்காரர். அவருடைய மெஷின் ஓடும்போதும் அடுப்படியிலிருந்து நான் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தங்கச்சிக்கு ஒரே மகள். அவளைத் தூக்கி வளர்த்ததில் பாதிப் பங்கு எனக்கு உண்டு என்று சொல்லிக்கொள்வேன். ஐந்து வயதில் அவள் எனக்கு 'ஸ்பீக்கர் பெரியம்மா' என்று பேர் வைத்தாள். பதிலுக்கு நான் வைத்த பேர் வாலு. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். என் செருப்பை ஒளித்துவைத்துவிட்டு, நான் போடுகிற சத்தத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

கிளினிக்கில் டோக்கன் கொடுப்போம். ஆனால் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் காதிலும் விழாது. ஒருத்தர் போனில் இருப்பார், ஒருத்தர் தூங்குவார், ஒருத்தர் ஆறை ஒன்பது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சீட்டில் எழுதியிருக்கிற தொந்தரவைச் சொல்லியே கூப்பிடுவேன்.

"பரீட்சை பயம் யாரும்மா? ரெண்டாம் ரூம்!"

"படுக்கை நனையுதுனு வந்தவங்க, எந்திரிங்க, டாக்டர் காத்திருக்கார்!"

வேலை மளமளவென்று நடந்தது. எழுந்து போகிற பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அடுத்த சீட்டைத் தேடிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் புதிதாக ஒரு தலைமை டாக்டர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் எண்ணாகப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். வருகிறவர்கள் திருப்தியாகப் போகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு தாள் அடித்துக் கொடுத்தார். வரவேற்பு எப்படி, காத்திருந்த நேரம் எப்படி, டாக்டர் கேட்டுக்கொண்டாரா என்று கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஐந்து மூஞ்சி. பல் தெரியச் சிரிக்கிற மூஞ்சியில் தொடங்கிக் கண்ணீர் விடுகிற மூஞ்சியில் முடியும். சிரிக்கிற மூஞ்சிக்கு ஐந்து மதிப்பெண், அழுகிற மூஞ்சிக்கு ஒன்று.

முதல் மாதம் வரவேற்புக்குக் கிடைத்தது இரண்டேகால்.

"உங்க கவுண்டர்தாம்மா மொத்த மார்க்கையும் கீழ இழுக்குது" என்றார் தலைமை டாக்டர்.

எனக்கு வந்ததே கோபம்! பத்தொன்பது வருடம் நாயாய்ப் பேயாய்க் கத்திக் கூட்டத்தை நகர்த்துகிறேன், இழுக்கிறேனாம். அன்றைக்கே முடிவு கட்டினேன். இந்த மூஞ்சிகளை எல்லாம் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை.

அடுத்த தடவை எப்போது வர வேண்டும் என்று எழுதிய மஞ்சள் அட்டை ஒன்று நாங்கள் கொடுப்போம். அது இல்லாமல் திரும்ப உள்ளே வர முடியாது. அந்த அட்டையை எழுதிவிட்டு, கொடுக்காமல் கையில் பிடித்துக்கொள்வேன். இன்னொரு கையால் தாளை நீட்டுவேன். "அப்படியே அந்தச் சிரிக்கிற மூஞ்சில ஒரு டிக் போட்டுட்டுப் போங்கம்மா, உங்களுக்குத்தான் நல்லது." பேனாவை நூலில் கட்டி மேஜையோடு வைத்திருந்தேன். அம்மாக்கள் என் கையில் இருக்கிற மஞ்சள் அட்டையைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், டிக் போடுவார்கள். எந்தத் தாய் அட்டையை வைத்திருக்கிறவளைப் பகைத்துக்கொள்வாள்? பிள்ளைகளிடம் தாளே கொடுக்கவில்லை. அதுகளுக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்து அனுப்பினேன்.

ஒருநாள் ஒரு பெண் தாளை என் கையிலிருந்து வாங்கினாள். பதினாலு வயது இருக்கும். தலையில் துணி கட்டியிருந்தாள். தன் முடியைத் தானே பிடுங்குகிற தொந்தரவு அவளுக்கு.

"நான் எழுதலாமா?" என்றாள்.

"உங்க அம்மா போட்டுட்டாங்கல்ல, போதும் போதும். பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாரு" என்றேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்புறம் அவள் வரவே இல்லை. அவளுடைய மஞ்சள் அட்டையில் இருந்த தேதி வந்தது, போனது. நான் கவனிக்கக்கூட இல்லை.

நாலே மாதத்தில் வரவேற்பு மதிப்பெண் நாலே முக்காலைத் தாண்டியது. தலைமை டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். மீன்தொட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டினோம். நானே ஸ்டூல் போட்டு ஏறி, கோணலாக இல்லையே என்று மூன்று தடவை பார்த்தேன்.

இப்போது சாப்பாட்டு மேஜைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் இரண்டு பேருக்கும் தங்கச்சி வீட்டில்தான். சாப்பிட்டு முடித்துக் கை காய்கிறவரைக்கும் நான்தான் பேசுவேன். "இந்த வாரம் கிளினிக்ல என்ன விசேஷம்?" என்று தங்கச்சி வீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார். அவ்வளவுதான், கண் காது மூக்கு வைத்துத் தொடங்கிவிடுவேன். பேர் மட்டும் சொல்ல மாட்டேன். "பேர் சொல்லக்கூடாது, அது தொழில் தர்மம்" என்று விரலை வேறு ஆட்டுவேன். பேரைத் தவிர மற்றது எல்லாம் வரும். அந்தப் பிள்ளை எப்படி நடந்தது, அம்மா எப்படி அழுதாள், அப்பா எப்படி முழித்தார் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டுவேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. வாரம் பூராவும் யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

அன்றைக்கு நான் நடித்துக் காட்டியது தலையில் துணி கட்டிய அந்தப் பெண்ணை. காத்திருக்கும்போது அவள் விரல் தானாகத் துணிக்குள்ளே போகும். ஒரு முடியைத் தேடிப் பிடிக்கும். சுருட்டும். வெடுக்கென்று இழுக்கும். வேரைப் பார்ப்பாள். மடியில் வைப்பாள். யாராவது பார்த்துவிட்டால் மடியைத் தட்டிவிடுவாள். இதை அப்படியே செய்து காட்டினேன். கண்ணை ஒரு மாதிரி சொருகிக்கொண்டு, இல்லாத முடியை இழுத்து, ஒவ்வொன்றாகத் தட்டு ஓரத்தில் அடுக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, அடடா இது நரை" என்றேன். தங்கச்சி வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் அவர் தலையைத் தட்டினார்.

வாலு மட்டும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு மாதமாகவே வீட்டுக்குள்ளும் ஹூடியைத் தலையோடு இழுத்து மாட்டிக்கொண்டு திரிந்தாள். வெயில் கொளுத்துகிறது, மின்விசிறி சுடுகாற்றை வாரி இறைக்கிறது, இவள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன்டி வாலு, உனக்கு மட்டும் தனியா பனி பெய்யுதா?" என்று கேட்டு, விளையாட்டாக ஹூடியை இழுக்கக் கையை நீட்டினேன்.

என் கையைத் தட்டிவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தங்கச்சி முகத்தில் ஈயாடவில்லை.

"வயசுக் கோளாறு" என்று நான் தீர்ப்பு சொன்னேன். பிள்ளைகள் மனநலக் கிளினிக்கில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவள், என் கண்ணுக்கு முன்னால் இருந்த பிள்ளையைப் பார்த்து வயசுக் கோளாறு என்றேன். மற்ற எதைச் சொல்லும்போதும் ஏதாவது சாக்கு வாயில் வருகிறது. இதற்கு வரவில்லை. எழுதும்போது காது சுடுகிறது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாலுவுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். தோழி வீடு, தலைவலி, படிப்பு. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்று மாதம் போயிருக்கும். எங்கள் நிர்வாகத்துக்கு ஊரின் மறுகோடியில் ஒரு கிளை உண்டு. அங்கே வரவேற்புக்கு மதிப்பெண் மூன்றுக்கு மேல் ஏறவே இல்லையாம். "நீங்க போய் ஒருநாள் சொல்லிக் குடுத்துட்டு வாங்கம்மா" என்று தலைமை டாக்டர் என்னை அனுப்பினார். எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, கோப்புக்குள்ளே பாராட்டுப் பத்திரத்தின் நகல். இரண்டு பஸ் மாறிப் போனேன்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்தக் கிளை. கவுண்டரில் ஒரு சின்னப்பெண். அவள் யாரையும் கூப்பிடவே இல்லை. முறை வந்தவரின் நாற்காலிவரைக்கும் எழுந்து போய், குனிந்து, மெதுவாக ஏதோ சொல்லி, கூடவே அறைவரைக்கும் நடந்து விட்டுவிட்டு வந்தாள்.

"ஏம்மா, இப்படி நடந்து நடந்து கூப்பிட்டா எந்தக் காலத்துல முடிப்ப?" என்றேன்.

"பழகிடுச்சுக்கா" என்றாள்.

"தாளை எப்பக் குடுக்கற?"

"குடுக்கறதில்லக்கா. அங்க பெட்டி பக்கத்துல வச்சிருக்கேன். இஷ்டம் இருக்கறவங்க எழுதிப் போடுவாங்க. பிள்ளைங்கதான் நிறைய எழுதும்."

"அப்புறம் மூணு மார்க் வராம வேற என்ன வரும்? மொதல்ல அந்த மறுவருகை அட்டையைக் கைல பிடி" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கடைசி வரிசையில், சுவரோரம், என் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஹூடி.

அந்த நொடியில் நான் என்ன செய்திருக்கலாம் என்று பிறகு ஆயிரம் தடவை யோசித்தாகிவிட்டது. பார்க்காத மாதிரி திரும்பியிருக்கலாம். கழிவறைக்குள் போய் ஒளிந்திருக்கலாம். நான் செய்தது என் பழக்கம்.

"ஏய் வாலு! நீ எங்கடி இங்க? என்னடி ஆச்சு உனக்கு?"

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை தலையும் முதலில் என்னைப் பார்த்தது. அப்புறம் நான் பார்த்த பக்கம் திரும்பி அவளைப் பார்த்தது.

வாலு எழுந்தாள். ஹூடியின் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபோது நெற்றிக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாத இடத்தைப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டி மாடிப்படியில் இறங்கி ஓடினாள்.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? இழுக்கவில்லை. கோப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

தங்கச்சி என்னிடம் வந்தாள். அவள் என்மேல் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் கத்தவில்லை.

"மூணு மாசம்க்கா. மூணு மாசம் காத்திருந்து கிடைச்ச நாளு. இன்னைக்கு விட்டா மறுபடி வரிசைல கடைசில போய் நிக்கணும். அதுகூடப் பரவால்ல. இனி அவ வருவாளான்னுதான் தெரியல."

கவுண்டர்ப் பெண் எங்களிடம் வந்தாள். "அடுத்தவங்கள மொதல்ல அனுப்பிடறேன். பதினொன்றரைக்குள்ள வந்துட்டாப் போதும்" என்றாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

கீழே இறங்கினோம். சாலைக்கு எதிர்ப்பக்கம், மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் வாலு நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ள நினைத்தேன். ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, என்னைப் பார்த்துப் பயந்தாள்.

"அக்கா" என்றாள் தங்கச்சி. "நீ போயிடு. நீ போறத அவ கண்ணால பாக்கணும். அப்பத்தான் வருவா."

"நான் ஒரு வார்த்தை மன்னிப்பு..."

"பேசாத. இன்னைக்கு மட்டுமாவது பேசாத."

பஸ் ஒன்று வந்தது. எந்தப் பஸ் என்று பார்க்காமல் ஏறினேன். அவள் நின்ற பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தேன், நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. கையாட்டவில்லை. கூப்பிடவில்லை. பஸ் நகர்ந்தபோது அவள் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்தாள். பஸ் முனையில் திரும்பிவிட்டது. அவள் சாலையைக் கடந்தாளா, இல்லையா என்பது தெரியவில்லை.

"எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

"இது எங்க போகுது?" என்றேன்.

"ஏறி உக்காந்துட்டு இப்பக் கேக்கறீங்களேம்மா" என்று சிரித்தார். நான் சிரிக்க முடியாமல் கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கினேன். அங்கே இறங்கி, அறிமுகம் இல்லாத ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கூப்பிட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. நானா பயந்தேன் என்றால் என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார்.

சாயங்காலம் தங்கச்சி கூப்பிட்டாள்.

"போனா. பதினொன்னு இருபத்தெட்டுக்கு உள்ள போனா. முக்கால் மணி நேரம் பேசியிருக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கச்சி காத்திருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"உன் கிளினிக் வீட்டுலேர்ந்து பத்து நிமிஷ நடைக்கா. அங்கதான் கூட்டிட்டுப் போறேன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'அங்க போனா பெரியம்மா என்னையும் ஞாயித்துக்கிழமை மேஜைல நடிச்சுக் காமிப்பாங்க'ன்னா."

"நான் பேர் சொல்ல மாட்டேனே" என்று என் வாயிலிருந்து வந்தது. வந்தவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமாக்கா. பேர் சொல்லமாட்ட" என்றாள் தங்கச்சி. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் தலைமை டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மஞ்சள் அட்டையைப் பிடித்துக்கொண்டு டிக் வாங்கியது, பிள்ளைகளை எழுத விடாதது, தொந்தரவைச் சொல்லிக் கூப்பிடுவது. வேலையை விட்டுத் தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"இதை ஏம்மா இப்பச் சொல்றீங்க? நாலே முக்கால்னு மேல அறிக்கை அனுப்பிட்டேனே" என்றார் பாவம்.

மனிதர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மீன்தொட்டிக்கு மேலிருந்த பத்திரத்தை நானே ஸ்டூல் போட்டு இறக்கினேன். ஆணியை மட்டும் பிடுங்க முடியவில்லை. இன்னும் இருக்கிறது. பழைய பதிவேட்டில் தலையில் துணி கட்டிய பெண்ணின் வீட்டு நம்பரைத் தேடி, ஆலோசகரிடம் கொடுத்து, கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். நான் பேசினால் வைத்துவிடுவார்கள். ஆலோசகர் பேசினார். வேறு இடம் பார்த்துக்கொண்டோம் என்று சொன்னார்களாம். உண்மையோ பொய்யோ, அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது நாற்காலிவரைக்கும் நடந்து போய்த்தான் கூப்பிடுகிறேன். முழங்கால் வலிக்கிறது. மெதுவாகப் பேசிப் பேசித் தொண்டை வேறு கட்டுகிறது. இத்தனை வருடம் கத்தியபோது கட்டாத தொண்டை! எழுந்து வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறேன். சில பிள்ளைகள் என்னைக் கண்டதும் இன்னும் தோளைக் குறுக்கிக்கொள்கிறார்கள். பழைய ஆட்கள்.

தாளையும் மாற்றிவிட்டார் தலைமை டாக்டர். மூஞ்சிகள் கிடையாது, பேரும் கிடையாது. பிள்ளைகளே எழுதிப் பெட்டியில் போட வேண்டும். 'இங்கே வருவதற்கு உங்களுக்குத் தடையாக இருந்தது எது?' 'அது மாற என்ன செய்யலாம்?' 'மறுபடியும் வருவீர்களா?' மூன்றே கேள்வி. இரண்டு கிளினிக் தாளையும் படித்து, தலைப்பு வாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. பேருந்து, பள்ளி விடுப்பு, காத்திருப்பு, ஊழியர்கள், இதர என்று ஐந்து கட்டம். தங்கச்சியிடம் போனில் அதை ஒரு பாட்டம் புலம்பினேன். "ரெண்டு இடத்துக் குப்பையும் நான்தான் டைப் அடிக்கணுமாம், கண்ணு பூத்துப் போகுது" என்று. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவள் இன்னும் கூப்பிடவில்லை. நானாகப் போகவில்லை. போனில் மட்டும் பேசிக்கொண்டோம்.

இரண்டாவது மாதம் கிளையிலிருந்து வந்த கட்டில் பதினேழு தாள். மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். பஸ் நேரத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு தரவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் வர வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது தாளை எடுத்தேன். இடது பக்கமாகச் சாய்ந்து நடக்கிற கையெழுத்து. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எனக்கு வருகிற வாழ்த்து அட்டையில் இருக்கிற அதே கையெழுத்து.

தடையாக இருந்தது எது? 'என் பெரியம்மா.'

அது மாற என்ன செய்யலாம்? 'தெரியல. அன்னைக்கு பஸ்ல ஏறி போனாங்க. அது உதவியா இருந்துச்சு.'

மறுபடியும் வருவீர்களா? 'வருவேன்.'

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படித்தேன். மறுபடியும் போய்க் குடித்தேன். படிக்கக் கூடாததைப் படித்துவிட்டோமே என்று ஒரு கூச்சம், இதையும் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டோமே என்று இன்னொன்று. தாளைக் கட்டின் அடியில் செருகிவிடலாம், பதினாறு என்று எண்ணிக்கை போட்டுவிடலாம் என்று ஒரு புத்தி சொன்னது. பழைய புத்தி. அதை அடக்கிவிட்டு டைப் அடித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் தங்கச்சி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். போனேன். தங்கச்சி வீட்டுக்காரர் வழக்கம்போல, "கிளினிக்ல என்ன விசேஷம்?" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். வாலு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஹூடி போட்டுத்தான் இருந்தாள். நான் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவப் போனேன். அவள் வந்து பக்கத்தில் நின்று, கழுவின தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இதையும் மறைத்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்க முடியாது என்று தோன்றியது.

"கண்ணு, அந்தத் தாளை நான் பாத்துட்டேன். பேர் இல்ல, ஆனா கையெழுத்து தெரிஞ்சிடுச்சு. பாத்திருக்கக் கூடாது. தப்புதான்."

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் பெரியம்மா. நீங்கதான் டைப் பண்றீங்கன்னு அம்மாகிட்ட போன்ல கத்துனீங்களே, ரூம் வரைக்கும் கேட்டுச்சு. அதனாலதான் எழுதினேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூட எனக்குத் தோன்றவில்லை. அவள்தான் மூடினாள்.

"எந்தக் கட்டத்துல போட்டீங்க?" என்று கேட்டாள். "இதரவிலயா?"

"இல்ல" என்றேன். "ஊழியர்கள்ல."

அவள் துடைத்த தட்டை அடுக்கில் வைத்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.